கூரை இல்லாத அஞ்சாம் வகுப்பு

நம் அஞ்சாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் நம் பழைய கிளாஸ் லீடர். பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதிக் கொடுத்தே நம் முதுகைப் பழுக்க வைத்தவன், இன்றைக்கு மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறான். பையனுக்கு எப்போது பார்த்தாலும் இருமலாம். டாக்டர், தினமும் கொஞ்ச நேரம் மரம் இருக்கிற இடமாகப் பார்த்து விளையாட விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். லீடருக்குச் சந்தேகம். "மரத்தடியில விட்டா பூச்சி கடிக்காதா மச்சான்?"

ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருவன் கஷாயம் சொன்னான். ஒருத்தி காற்றைச் சுத்தம் செய்கிற மெஷினின் விலையை அனுப்பினாள். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்கு முன்மண்டை காலி. மீதிப் பேருக்கு மாடிப்படி ஏறினால் முட்டியில் சத்தம். அதெல்லாம் சரி, ஆனால் ஒரு காலத்தில் நாமே மாசக்கணக்கில் மரத்தடியில் உட்கார்ந்து படித்தோம் என்பது ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லையே. அதனால் நான் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஏசி மெக்கானிக். நீங்கள் ஜன்னலைச் சாத்தினால்தான் எனக்குச் சோறு. அப்படிப்பட்டவன் வேலை மெனக்கெட்டு இதை எழுதுகிறான் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த குரூப்பில் என் தங்கச்சியும் இருக்கிறாள். அண்ணனும் தங்கச்சியும் எப்படி ஒரே வகுப்பு என்பதை மறந்துவிட்டவர்களுக்கு: நான் நாலாவதில் ஒரு வருஷமும் அஞ்சாவதில் ஒரு வருஷமும் கூடுதலாக உட்கார்ந்து, அவள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தேன். அண்ணன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவளுக்கு வீசிங். மூன்று வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குவாள். "அண்ணா எனக்கு அந்த..." என்று நிற்பாள். மிச்சம் வருவதற்குள் அவள் கேட்க வந்த முறுக்கை நான் தின்று முடித்திருப்பேன். அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் வரும். 'அதுக்கு கொஞ்சம் பால் ஊத்து' என்று கேலி செய்வேன். அவளுக்கு அப்போது பத்து வயது. பார்த்தால் ஏழு என்பார்கள்.

எங்களுக்குத் தாம்பரம் கடப்பேரியில் ஒரே அறை வீடு. சமைப்பதற்கு ஒரு தடுப்பு. அப்பா தண்ணி லாரி ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தே ஷூ கம்பெனி வேலை செய்தாள். ஷூவின் மேல்பாகத்துக்காக வெட்டிய தோல் துண்டுகளை குரோம்பேட்டையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வருவாள். அதன் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். சைக்கிள் பஞ்சர் கடையில் ஒரு வாசனை வருமே, அதுதான் எங்கள் வீட்டு வாசனை. சாம்பார் கொதித்தாலும் அதுதான் முதலில் மூக்குக்கு வரும்.

வெளியே ரோட்டில் லாரிப் புழுதி. புழுதி பிள்ளைக்கு ஆகாது என்று இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தாள் அம்மா. கொசுவும் ஆகாது. அதனால் பகலிலும் கொசுவத்தி. சாத்திய அறைக்குள் சொல்யூஷன் டப்பா, கொசுவத்திப் புகை, நடுவில் தங்கச்சி. இதை எழுதும்போது எனக்கே மூச்சு முட்டுகிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் தெருவில், பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதற்கு எங்கள் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

நாலாவது முடிகிற நேரத்தில் தங்கச்சி ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தாள். திரும்பி வந்த அன்றைக்கு அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"இஸ்கூல் தூசுதான் புள்ளைய இந்தப் பாடு படுத்துது. இன்னொரு வாட்டி ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். எங்கூட குந்திகினு இதை ஒட்டட்டும்."

தங்கச்சி அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும். பரண் மேலிருந்து அஞ்சாவது புத்தகங்களை எடுத்தாள். என்னுடைய பழைய புத்தகங்கள்தான், அவ்வளவாகத் திறக்கப்படாதவை. ஏற்கெனவே போட்டிருந்த அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதாக அட்டை போட்டாள். அவளுக்குப் படிப்பு பிடிக்கும். எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லாத வியாதி.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நம் அஞ்சாம் வகுப்புக்கு மட்டும்தானே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல் மாதிரி காயும். மூலையில் ஒரு ஷீட் உடைந்து விழுந்ததால் மொத்தத்தையும் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று முடிவு செய்தார்கள். பிரிக்கிற வேலை ஒரே நாளில் முடிந்தது. போடுகிற வேலைதான் ஒரே மாசம் என்று சொல்லி ஐப்பசி வரைக்கும் இழுத்தது. அதுவரை நாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ரயில்வே காம்பவுண்டை ஒட்டி இருந்த மரங்களுக்கு அடியில். பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று, நாலைந்து வேம்பு, ஒரு நாவல். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வீடு இல்லாதவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "மரத்துக் காத்தா? குளிர்ச்சி ஆச்சே. பூச்சி வேற." அவள் அனுப்ப ஒப்புக்கொண்டதே மூன்று நிபந்தனைகளோடுதான். தங்கச்சி தலையில் மங்கி குல்லா. மூக்கில் தைலம் போட்ட கர்ச்சீப். தரையில் உட்காரக் கூடாது, வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் போகும். ஸ்டூலைச் சுமக்கும் பொறுப்பு என் தலையில்.

"இத பாரு," என்றாள் என்னிடம். "அது மேல ஒரு எல விழுந்தாலும் உன்னதான் கேப்பேன். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. குல்லா கயண்டுச்சுன்னு தெரிஞ்சா உன் தோலை உரிச்சி கம்பெனில போட்ருவேன்."

தாம்பரத்து ஜூன் வெயில். அதில் மங்கி குல்லா போட்ட ஒரு பெண். அவளுக்கு முன்னால் தலையில் ஸ்டூலோடு ஒரு அண்ணன். எங்களைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நம் கிளாஸ் டீச்சர் அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தார். பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவார். முதல் நாள் மரத்தடியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு ஞாபகமிருக்கிறதா? கரும்பலகையை வேர்மேல் சாய்த்து வைத்துத் திரும்புவதற்குள் காக்கா அட்டெண்டன்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டது. அடுத்த நாளிலிருந்து குடையோடு வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாக்பீஸ். அடிப்பதற்கு மூன்றாவது கை இல்லாததால் பிரம்பு வீட்டுக்குப் போய்விட்டது. மரத்தடியால் நமக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

தங்கச்சி ஒரு வாரம் ஸ்டூலில், ஊர்வலத்துக்குக் கிளம்பிய அம்மன் மாதிரி அசையாமல் இருந்தாள். எட்டாம் நாள் நீங்களெல்லாம் வேப்பமரத்தில் சிவப்பு எறும்புகள் இலையைத் தைத்துக் கூடு கட்டுவதைப் பார்க்க ஓடினீர்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா நானும் போய்..." மூச்சு. "ஒரு வாட்டி பாத்துட்டு..." மூச்சு. "வந்துடறேன்."

"அம்மா இன்னா சொல்லிச்சு?"

"நீ சொல்லாத."

"சொல்லாம இருந்தா இன்னா குடுப்ப?"

அவள் யோசிக்கவே இல்லை. "உன் கணக்கு நோட்டு. ஃபுல்லா."

குல்லாவைக் கழற்றி என் பையில் திணித்தேன். அன்றிலிருந்து ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன், அவள் மரத்தடியில் திரிந்தாள். வீடு திரும்பும்போது தெருமுனையில் குல்லாவை மாட்டிவிடுவேன். நாவல்பழம் தின்ற நாட்களில் மட்டும் கொஞ்சம் பேஜார். நாக்கு ஊதாவாகிவிடும். நாவல்பழம் தின்றால் சளி பிடிக்கும் என்பது அம்மாவின் வேதவாக்கு. பள்ளிக்கூடக் குழாயடியில் உப்புப் போட்டு நாக்கைத் தேய்த்துக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவோம். 'புள்ளைங்க எம்மாம் அடக்கமா ஆயிடுச்சிங்க' என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்கு அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. அறைக்குள் அதற்காகவே இரண்டு வருஷம் அடி வாங்கியிருக்கிறேன். பெஞ்சு ஆடும், பக்கத்து வகுப்பு டீச்சர் கத்துவார். மரத்தடியில் ஆடுவதற்கு பெஞ்சும் இல்லை, கத்துவதற்கு பக்கத்து வகுப்பும் இல்லை. ஒரு நாள் நான் வாசிக்கும்போது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, நடந்துட்டே படிடா. ஆனா நடக்கறது நின்னாலும் படிக்கறது நிக்கக் கூடாது."

தூங்குமூஞ்சி மரத்தை ஏழு தரம் சுற்றி ஒரு பாடம் முடித்தேன். வாழ்க்கையில் நான் முழுசாக வாசித்த முதல் பாடம். பின்னக் கணக்கும் அப்படித்தான். டீச்சர் ஆளுக்கொரு வேப்பங்கொத்தைக் கொடுத்தார். எண்ணிப் பார், பன்னிரண்டு இலை வருகிற மாதிரி வைத்துக்கொள், மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளு என்றார். நாலு இலையைக் கிள்ளினேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் நாலு என்று என் விரல் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு வருஷம் மண்டைக்குள் ஏறாதது. அதற்கப்புறம் தங்கச்சியிடம் கணக்கு நோட்டைக் கொடுப்பதற்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கொடுத்தேன், ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதே.

அவளுக்கு நடந்ததை நான் உடனே கவனிக்கவில்லை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும். அது போகும்போது வாசிக்கிறவர்கள் கத்தித்தான் வாசிக்க வேண்டும். முதலில் அவள் ட்ரெயின் போகட்டும் என்று நிறுத்திவிடுவாள். ஜூலையில் ட்ரெயினோடு சேர்ந்து கத்தினாள். ஆகஸ்டில் நாவல் மரத்தின் முதல் கிளையில் ஏறி உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னாள். மத்தியானம் அவள் தட்டில் சோறு மிஞ்சுவதில்லை. என் தட்டைப் பார்க்கிறாள். ஒரு நாள் முறுக்குக்கு அவள் கை நீட்டியபோது, நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு அது பெரிய நஷ்டம்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் பூனை லேசாகக் கத்தும். காலையில் மரத்தடிக்கு வந்தால் அடங்கும். ஏன் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. பிள்ளை தேறிவிட்டது என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தது.

"பாத்தியா, குல்லா போட்டதும் புள்ள எப்டி ஆயிட்ச்சி," என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு குல்லா வாங்கி வந்தாள். அதற்கப்புறம் என் பையில் இரண்டு குல்லா.

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். பத்து நாள். அம்மாவுக்கு கம்பெனியில் அவசர ஆர்டர். கட்டுகள் சுவரோரம் என் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டு டப்பா சொல்யூஷன் ஒரே நேரத்தில் திறந்திருந்தது. தங்கச்சியும் கூட உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். நான் வழக்கம்போல ரோட்டில்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் உள்ளே வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. தின்னவில்லை. பழம் முடிந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது. மூச்சு முட்டும்போது வாயில் அடிக்கிற மருந்துப் பம்பை அடித்தும் நிற்கவில்லை. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "காத்து வருது பாரு, கதவ சாத்துடா," என்றாள்.

அப்பா மேடவாக்கத்துக்கு லோடு அடித்துக்கொண்டு போகும் வழியில் சாப்பிட வந்தவர், சாப்பிடாமலே அவளைத் தூக்கி லாரியில் வைத்தார். தண்ணியோடு லாரி ஆஸ்பத்திரிக்குப் போனது. நானும் ஏறிக்கொண்டேன். தங்கச்சியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அப்பா ஓட்டினார். அம்மா முந்தானையால் அவள் முகத்தை மூடப் பார்த்தாள். தங்கச்சி முந்தானையைத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். சானடோரியம் பாலம் வருவதற்குள் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னாம்மா கண்ணு, கொஞ்சம் தேவலையா?" என்று அப்பா கேட்டார். அவள் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க விட்டார்கள். சாயந்திரமே அனுப்பிவிட்டார்கள். ஆனால் வாசலை மிதித்தது மிதித்ததுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா வேலையில் உட்கார்ந்தாள். துண்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"லீவு முடிஞ்சி தொறந்ததும் போயி பேரை அடிச்சிட்டு வந்துடறேன். எல்லாம் அந்த மரத்தடில குந்திகினு வந்த வெனை."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருந்தால் அவள் படிப்பு போகும். வாயைத் திறந்தால் என் தோல் போகும். அந்த வீட்டில் ஏற்கெனவே அவ்வளவு தோல் கிடந்தது, இதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"ம்மா. பாப்பா குல்லாவே போடல."

சுத்தி நின்றது. "இன்னாது?"

"ஜூன்லேந்து போடல. ரெண்டு குல்லாவும் எம்பைல தான் கீது. ஓடிச்சி. மரமேல ஏறிச்சி. நாவப்பயம் துன்னுச்சி. அங்க ஒரு நாள் கூட அதுக்கு இழுக்கல."

அம்மா சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையால்தான் அடித்தாள். பெற்ற பாசம். நாலைந்து விழுந்த பிறகு அப்பா குறுக்கே வந்தார்.

"இரு இரு. அவன் சொல்றத பாரு. மூணு மாசமா மரமேல ஏறிகினு கீது, ஒண்ணும் ஆவல. அஞ்சு நாள் வூட்ல குந்திச்சி, ஆயிட்ச்சி. லாரில காத்து பட்டதும் பாதி கொறஞ்சிச்சி. எங்கியோ இடிக்குதே."

"இன்னா இடிக்குது? மூணு மாசமா உள்ளயே சேந்துகினு இருந்து இப்ப வெளிய வந்துகீது."

அப்பா லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு லோடை இறக்கக் கிளம்பினார். அம்மாவின் அந்த வாதத்தை எந்த டாக்டராலும் ஜெயித்திருக்க முடியாது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அம்மாவும் வந்தாள். இடுப்பில் தோல் கட்டு, கையில் டப்பாவும் சுத்தியும் வைத்த கூடை. ஆஸ்பத்திரிக்குப் போனதில் வேலை பாக்கி நின்றுவிட்டது. சாயந்திரத்துக்குள் முடித்து அப்படியே குரோம்பேட்டையில் கொடுத்தாக வேண்டும். தங்கச்சி பையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். பேர் அடிக்கப் போகிற நாளில் எதற்குப் பை என்று நான் கேட்கவில்லை.

"பேரை அடிச்சி டிசி குடுத்துடுங்க டீச்சர்," என்றாள் அம்மா.

டீச்சர் குடையை மடக்கினார். "இவளுக்கா? கிளாஸ்லயே இவதான்மா நல்லா வாசிக்கிறா."

"வாசிச்சி இன்னா டீச்சர், மூச்சு வோணுமே."

"மூச்சா? இவ வாசிச்சா எனக்கு ட்ரெயின் சத்தமே கேக்காதும்மா."

தன்னைச் சமாதானம் செய்வதற்காகச் சொல்கிறார் என்று அம்மா நினைத்தாள். முகத்தில் தெரிந்தது.

"டிசிக்கு ஹெச்எம் கையெழுத்து வேணும். மீட்டிங் போயிருக்காங்க, மூணு மணிக்குத்தான் வருவாங்க. இருக்கறதுன்னா இருங்க," என்றார் டீச்சர்.

அம்மா கடைசி வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, கட்டைப் பிரித்து, டப்பாவைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள். ஒட்டுவாள், தட்டுவாள், நிமிர்ந்து தங்கச்சியைப் பார்ப்பாள். இப்போது இழுக்கும், இப்போது இழுக்கும் என்று காத்திருந்தாள். தங்கச்சி தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

இன்டர்வல் விட்டதும் தங்கச்சி அம்மாவிடம் ஓடினாள். கெஞ்சிப் பார்க்கத்தான். பக்கத்தில் குந்தி, வீட்டில் செய்கிற பழக்கத்தில் துண்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். பாதியில் இருமல் வந்தது.

"பாத்தியா, ஓடி வந்தல்ல," என்று அம்மா திட்டுவது எங்களுக்குக் கேட்டது. பெல் அடித்தது. அவள் திரும்ப வகுப்புக்கு ஓடினாள். அம்மா பாதி எழுந்துவிட்டாள். ஆனால் இங்கே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே பாதி எழுந்தபடி இருந்தாள்.

மத்தியானம் தங்கச்சி தட்டோடு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு வாய் சாப்பிடுவதற்குள் மறுபடி இருமல். அம்மா ஒன்றும் திட்டவில்லை. "அங்க போயி துன்னு," என்று தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டினாள். அங்கே போனதும் அடங்கியது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு தங்கச்சி நாவல் மரக் கிளையில் ஏறி உட்கார்ந்தாள். கடைசி நாள், இனி யாருக்குப் பயந்து என்று நினைத்திருப்பாள். அம்மா அவளையே பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள்.

"பாப்பா, எறங்கி வா."

வந்தாள். அம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பக்கத்தில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க, அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு மூடியைத் திறந்தாள். மறுபடி காதை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி இரும ஆரம்பித்ததும் அம்மா அவளை இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். "போ. தள்ளிப் போ. ஓடு."

ஓடு என்று அம்மா அவளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் போன பிறகு அம்மா மண்ணை அள்ளி விரலைத் தேய்த்தாள். சொல்யூஷன் அப்படியெல்லாம் போகாது, உரித்துத்தான் எடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போனேன். ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குப் பதில் ஒரு பிடி மண்ணை அள்ளி அவள் கையில் போட்டேன்.

"நான்தான்டா," என்றாள் என்னைப் பார்க்காமல்.

மூன்று மணிக்கு ஹெச்எம் வந்தார். டீச்சர் வந்து கூப்பிட்டார். "வாங்கம்மா, கையெழுத்து வாங்கிடலாம்."

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வாணாம் டீச்சர். புள்ள படிக்கட்டும். ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நாளைலேந்து நானும் இங்க வந்து இத ஒட்டிக்கட்டுமா? அதோ, அந்தச் செவுரு மூலைல. புள்ளைங்க கிட்ட வர மாட்டேன். இத வூட்ல வெச்சி ஒட்டக் கூடாது டீச்சர்."

டீச்சர் டப்பாவைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். "ஹெச்எம் கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார்.

உங்களுக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூலையில் ஒரு பொம்பளை உட்கார்ந்து டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்ததே, அது எங்கள் அம்மா. மழை ஆரம்பிக்கும் வரைக்கும் ஒரு பதினைந்து நாள் வந்தாள். காலையில் வந்ததும் ஒரு காய்ந்த இலையைக் கையிலிருந்து விட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். நம் பக்கம் அடித்தால் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். மழை வந்து, புதுக் கூரைக்கடியில் நாம் போன பிறகு, வீட்டுக்காரரிடம் கெஞ்சி மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டு அங்கே ஒட்டினாள். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், பிள்ளையைத் தேற்றியது ஆஸ்பத்திரி மருந்து என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

லீடர், உன் கேள்விக்குப் பதில்: பூச்சி கடிக்கும். என்னை எறும்பு கடித்த இடத்தைக் காட்டினால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். பையனை இறக்கி விடு. நீயும் கூட இறங்கு, தொப்பை குறையும்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாளை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அம்மா தான் உட்காரும் இடத்துக்கு முன்னால் பத்தடி தள்ளிக் குச்சியால் ஒரு கோடு கிழித்திருந்தாள். தங்கச்சி அதைத் தாண்டக் கூடாது. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். அன்றைக்கு சாயந்திரம் பெல் அடித்த பிறகு, அம்மா கடைசிக் கட்டை முடிக்கும் வரைக்கும் நாங்கள் காத்திருந்தோம். தங்கச்சி தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றாள். ஏரியைப் பற்றி ஒரு பாடம். அதில் ஒரு வாக்கியம் எட்டு வரிக்குப் போகும். எழுதினவர் முற்றுப்புள்ளி வைக்க மறந்துவிட்டுத் தூங்கிப் போயிருப்பார். நான் வாசித்தால் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுவேன். டீச்சரே ஒரு இடத்தில் நின்றுதான் போவார்.

அவள் ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ட்ரெயின் வந்தது. அவள் நிறுத்தவில்லை. மதகு, கரை, நாணல், நாரை என்று அது போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒரு துண்டுக்குச் சொல்யூஷன் தடவியிருந்தாள், உடனே மடிக்காவிட்டால் காய்ந்துவிடும். மடிக்காமல் கையில் வைத்தபடி தங்கச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வரியும் ஒரே மூச்சில் முடிந்தது. ட்ரெயின் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. காய்ந்துபோன துண்டை ஓரமாக வைத்தாள்.

"இன்னொரு வாட்டி படி," என்றாள்.